டவர் ஸ்பீக்கரை மாற்றப் போகிறீர்களா? – வாசகர் கேள்வி, பழைய ரேடியோ கடைக்காரர் பதில்

மற்ற மாதங்களில் மிக்ஸி இரைச்சல், இன்வெர்ட்டர் ஹம், டிவியில் கோடு என்று எழுதுகிறவர்கள் ஐப்பசி நெருங்கினால் ஸ்பீக்கர் பற்றி எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். போனஸ் படுத்தும் பாடு. இந்த முறை முழுக்க ஸ்பீக்கர்தான். முதல் கடிதம் கொஞ்சம் பெரியது, பதிலும் அப்படியே. அவசரக்காரர்கள் தாண்டிக் கீழே போகலாம்.

கேள்வி: எங்கள் ஹால் 16 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். தரையில் டைல்ஸ். 2008-ல் வாங்கிய டவர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, டிவிக்கு இரண்டு பக்கமும் சுவரை ஒட்டி நிற்கிறது. ஐந்து ஸ்பீக்கரும் ஆழ்ந்த பேஸுக்கென்று ஒரு சப்ஊஃபரும் மாட்டக்கூடிய 5.1 ரிசீவர் இருக்கிறது, ஆனால் இந்த இரண்டை மட்டும்தான் மாட்டியிருக்கிறோம். அப்பா காலையில் கச்சேரி கேட்பார், மெதுவாக வைத்து. மனைவிக்கு சீரியலில் வசனம் புரிவதில்லை. பையனுக்குப் படம் பார்க்கும்போது பேஸ் பத்தவில்லை. 1,20,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். எந்த டவர் வாங்கலாம்? – ஒரு வாசகர், மதுரை

வாங்கலாம் சார். ஆனால் இந்த வாரம் வேண்டாம். முதலில் பழைய ஜோடியை விசாரித்து முடிப்போம்.

முன்னால் இருக்கும் துணி கிரில்லை மெதுவாக இழுத்துக் கழற்றுங்கள். ஊஃபர், அதாவது பேஸ் தரும் பெரிய வட்டம், அதன் கூம்பு போன்ற கோனைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். விரல் நுனியால் லேசாகத் தொடுங்கள். ரப்பர் என்றால் வளைந்து கொடுக்கும். ஃபோம் என்றால், அதுவும் 2008-ல் வாங்கியது என்றால், பொடிப்பொடியாக உதிர்ந்து கையில் பிசுபிசுவென்று ஒட்டலாம். நம் வெயிலும் ஈரக்காற்றும் ஃபோமுக்கு ஆகாது. பத்துப் பதினைந்து வருஷத்தில் இற்றுப்போகும். கடலோர ஊர்களில் அதற்கும் முன்னாலேயே. வளையம் கிழிந்தால் கோன் மையம் விலகி, அதன் பின்னால் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) உரசும். பையன் பேஸ் பத்தவில்லை என்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அதற்காக ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். கோனும் காயிலும் நன்றாக இருந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம். என் கடையில் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கீற்றுக் கீற்றாக வெட்டிக் காயிலைச் சுற்றிச் செருகி, மையம் நின்ற பிறகுதான் புது வளையத்தை ஒட்டுவோம். பசை காய்ந்ததும் ஃபிலிமை உருவிவிட்டு, கோனின் நடுவில் இருக்கும் டஸ்ட் கேப்பை (தூசி மூடி) மூட வேண்டும். மதுரையில் இந்த வேலை தெரிந்தவர்கள் இருப்பார்கள். மைக்செட் ஸ்பீக்கர் ரீகோன் செய்கிற இடங்களில் விசாரியுங்கள். ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள்: 'மொத்த கோனையும் மாற்றிவிடுகிறேன், புதுசு மாதிரி ஆகிவிடும்' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேறு எடை கோன் போட்டால் உள்ளே இருக்கிற க்ராஸ்ஓவருக்கும் (மேல் ஒலி, கீழ் ஒலியைப் பிரிக்கும் போர்டு) பெட்டியின் அளவுக்கும் அது பொருந்தாது. பாடும், ஆனால் அது வேறு ஸ்பீக்கர்.

அடுத்து வயர். ரிசீவரை அணைத்துவிட்டு, அதன் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பென்சில் செல்லின் பாசிட்டிவை சிவப்பிலும் நெகட்டிவைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ஊஃபர் வெளியே வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில் நகர்கிறதா பாருங்கள். ஒன்று வெளியே வந்து மற்றது உள்ளே போனால் எங்கோ சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும், பேஸ் பாதிக்கு மேல் காணாமல் போகும். புது ஸ்பீக்கர் வாங்க வந்தவர்களை இந்த ஒரு வயரை மாற்றிக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வியாபாரம் போச்சு, ஆனால் அவர்கள்தான் மறுபடி மறுபடி வந்தார்கள்.

இனி இடம். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது 'சுவரை ஒட்டி' என்ற இரண்டு சொற்கள்தான்.

ஒவ்வொரு அறைக்கும் அதன் அளவைப் பொறுத்துச் சில அதிர்வெண்கள் ஒட்டிக்கொள்ளும். கணக்கு எளிது. ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர், அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். உங்கள் 16 அடிக்கு 35 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47, 10 அடி உயரத்துக்கு 56. இந்த இடங்களில் எல்லாம் ஹால் தானாகவே கும் என்று கூடப் பாடும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அதற்கும் மேலே நாலைந்து சுரம் இந்த மேடு பள்ளத்தில்தான் ஏறி இறங்குகிறது. ஒரு சுரம் வீடே அதிரக் கேட்கும், அடுத்தது எங்கே போச்சு என்று தேட வேண்டியிருக்கும். பத்து லட்சம் ரூபாய் டவர் வைத்தாலும் இதேதான், ஏனென்றால் இது சுவர்களின் கணக்கு. இந்த ஒலி சுவர் ஓரத்தில் உச்சமாகவும் அறையின் நடுவில் குறைவாகவும் இருக்கும். உங்கள் சோபா பின்சுவரை ஒட்டி இருந்தால் உட்கார்கிறவர்களுக்கு இரட்டைக் கும். ஒன்றரை அடி முன்னால் இழுத்தாலே தெளிந்துவிடும்.

ஸ்பீக்கருக்கும் இதே கதைதான். பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, நேரே வருவதை ஏதோ ஓர் அதிர்வெண்ணில் அடித்துவிடும். ஊஃபருக்கும் சுவருக்கும் 2 அடி என்றால் 140 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழும். அது ஆண் குரலின் அடிநாதம் இருக்கிற இடம். ராய் அலிசன் என்ற அமெரிக்கர் 1974-லேயே இதை அளந்து எழுதிவிட்டார். அதிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: ஊஃபரிலிருந்து தரை, பின்சுவர், பக்கச்சுவர் மூன்றும் ஒரே தூரத்தில் இருக்கக் கூடாது. மூன்றும் ஒரே தூரமானால் மூன்று பள்ளமும் ஒரே இடத்தில் விழும். முன்முகம் பின்சுவரிலிருந்து இரண்டரை அடி, பக்கச்சுவரிலிருந்து அதைவிட ஒரு முக்கால் அடி கூடவோ குறையவோ என்று ஆரம்பியுங்கள். அப்புறம் அரை அடி முன்னே பின்னே நகர்த்தி, பழகிய பாட்டு ஒன்றைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பெட்டிக்குப் பின்னால் பேஸுக்காகக் காற்று போய்வரும் போர்ட் துளை இருந்து, இடமும் இல்லாவிட்டால், ஃபோம் உருளையையோ சுருட்டிய பருத்திக் காலுறையையோ அதில் செருகிப் பாருங்கள். சில கம்பெனிகள் அந்த உருளையை டப்பாவிலேயே வைத்திருப்பார்கள், பிரிக்காமல் பரணில் கிடக்கும்.

மனைவி சொல்லும் வசனப் பிரச்சினைக்கு வருவோம். ஹாலின் நடுவில் நின்று ஒரு தட்டு கை தட்டுங்கள். 'டங்ங்' என்று இழுத்தால் பிரச்சினை ஸ்பீக்கரில் பாதி, டைல்ஸில் பாதி. பூசிய சுவர், கான்கிரீட் மேல்தளம், வழுவழுப்பான தரை எல்லாம் ஒலியைக் கிட்டத்தட்ட அப்படியே திருப்பி அனுப்பும். ஒரு சொல் முடிவதற்குள் முந்தைய சொல்லின் வால் வந்து ஒட்டிக்கொள்ளும். டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் கனமான கம்பளம், ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தடித்த திரை, பின்சுவரில் நிரம்பிய புத்தக அலமாரி, இவை போதும். பவானி ஜமக்காளம் விரிக்கலாமா என்று கேட்பீர்கள். விரிக்கலாம், பார்க்க அழகு. மெல்லியது என்பதால் மேல் ஒலியை மட்டும் கொஞ்சம் அடக்கும். இரண்டாக மடித்து, அடியில் பழைய ரஜாய் ஒன்றைப் போட்டால் நன்றாகவே வேலை செய்யும். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டுகிற வேலை மட்டும் வேண்டாம், தூசியும் கரப்பானும்தான் மிச்சம்.

இன்னொன்று, வீட்டில் எல்லோரும் நடு சோபாவில் உட்கார்வதில்லை. இரண்டு ஸ்பீக்கர் மட்டும் இருந்தால் குரல் நடுவிலிருந்து வருவது போலத் தோன்றுவது நடுவில் இருப்பவருக்குத்தான். ஓர நாற்காலியில் இருப்பவருக்குப் பக்கத்து ஸ்பீக்கரின் ஒலி முதலில் வந்து சேரும், வசனம் முழுக்க அங்கிருந்தே வருவது போல இருக்கும். காசில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கரையும் நன்றாக உள்பக்கம் திருப்புங்கள், அவற்றின் பார்வை சோபாவுக்கு முன்னால் ஒன்றையொன்று வெட்ட வேண்டும். ஓரத்தில் இருப்பவருக்குத் தூரத்து ஸ்பீக்கர் நேர் முகமாகவும் பக்கத்து ஸ்பீக்கர் சாய்வாகவும் கிடைக்கும், சமன் ஆகும். காசுள்ள வைத்தியம் சென்டர் ஸ்பீக்கர். உங்கள் ரிசீவரில் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சினிமா வசனம் பெரும்பாலும் சென்டர் சேனலில்தான் பதிவாகிறது. அதற்கென்று தனி ஸ்பீக்கர் வைத்து, ரிசீவரில் சென்டரை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் ஏற்றினால் குண்டு வெடிப்பைக் கூட்டாமல் பேச்சு மட்டும் மேலே வரும். பழைய சீரியல் எல்லாம் ஸ்டீரியோவில்தான் வரும், அதற்கு ரிசீவரில் டால்பி சரவுண்ட் மோடு போட்டுக்கொள்ளுங்கள், குரலைப் பிரித்துச் சென்டருக்கு அனுப்பும்.

அப்பா விஷயம் எனக்குப் பிடித்த விஷயம். மெதுவாக வைத்தால் மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்) கேட்கவில்லை, தம்புரா தூரத்தில் இருக்கிறது என்று பெரியவர்கள் சொன்னால் காது மந்தம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஃப்ளெட்ச்சர், மன்சன் என்ற இருவர் 1933-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அளந்து காட்டியது இது: ஒலி குறையக் குறைய மனிதக் காது கீழ் அதிர்வெண்களை அதிகமாக இழக்கிறது. எல்லா வயதிலும் அப்படித்தான். பழைய ஆம்ப்களில் 'லவுட்னெஸ்' என்று ஒரு பட்டன் இருந்ததே, அது இதற்குத்தான். ஹை-ஃபை ரசிகர்கள் அதைக் கேவலமாகப் பார்ப்பார்கள், நான் பார்ப்பதில்லை. உங்கள் ரிசீவரில் லவுட்னெஸ் என்றோ டைனமிக் ஈக்யூ என்றோ மெனுவில் இருக்கிறதா பாருங்கள். காலை ஆறு மணிக்கு அதைப் போட்டுக் கொடுங்கள். அப்பா ஒன்றும் கேட்க மாட்டார், ஆனால் தாளம் போடுவார்.

பையனுக்கு வாட்ஸ் வேண்டும். எல்லாப் பையன்களுக்கும் வேண்டும். ஸ்பீக்கர் அட்டையில் சென்சிடிவிட்டி 87 டெசிபல் என்று போட்டிருந்தால், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் என்று பொருள். ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்தாலும் இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து ஆளுக்கு ஒரு வாட்டிலேயே 80 டெசிபலைத் தாண்டிவிடும். வீட்டுப் பேச்சு 60 சுமார். நீங்கள் தினசரி கேட்பதெல்லாம் அந்த முதல் வாட்டுக்குள்தான். அதற்கு மேல் 3 டெசிபல் கூட்ட வாட்ஸ் இரண்டு மடங்கு வேண்டும், காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றப் பத்து மடங்கு வேண்டும். 50 வாட் ரிசீவரை 100 வாட்டாக மாற்றினால் கிடைப்பது அந்த 3 டெசிபல். அதே 3 டெசிபலை, 87-க்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் சும்மாவே பெறலாம். ஆகவே பையனிடம் வாட்ஸைப் பார்க்காதே, சென்சிடிவிட்டியைப் பார் என்று சொல்லுங்கள். அப்படியே வால்யூமை எங்கே நிறுத்துவது என்றும் சொல்லிவையுங்கள். ட்வீட்டர் (மேல் ஒலி தரும் குட்டி ஸ்பீக்கர்) எரிவது பெரும்பாலும் பெரிய ஆம்ப்பால் இல்லை, சின்ன ஆம்ப்பை முட்டிக்கொண்டு அலறவிடுவதால்.

இத்தனையும் செய்து, ஒரு மாதம் கேட்டு, இன்னும் மனசு ஆறவில்லை என்றால் வாங்குங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 75,000-க்குள் டவர் ஜோடி, 20,000-க்குள் அதே வரிசையைச் சேர்ந்த சென்டர், மிச்சம் திரைக்கும் கம்பளத்துக்கும். சென்டர் அதே வரிசையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படத்தில் வண்டி இடமிருந்து வலம் போகும்போது நடுவில் இன்ஜின் மாறிவிடும். உங்கள் ஹாலுக்கு ஆறரை அங்குல ஊஃபர் இரண்டு இருக்கிற பெட்டி தாராளம். எட்டு அங்குலம் மூன்று வைத்த ராட்சசப் பெட்டி 16 அடி ஹாலில் கும்மைத்தான் கூட்டும். போர்ட் முன்பக்கமோ அடியிலோ இருந்தால் நல்லது.

ஓம்ஸ் (மின்தடை) பாருங்கள், அது குறையக் குறைய ரிசீவர் அதிகக் கரண்ட் தள்ள வேண்டியிருக்கும். 8 ஓம்ஸ் என்று எழுதினால் எந்த இடத்திலும் 6.4-க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது சர்வதேசத் தரம். பல கம்பெனிகள் பெரிய எழுத்தில் 8 போட்டுவிட்டு, சின்ன எழுத்தில் 'குறைந்தபட்சம் 3.5' என்று எழுதும். உங்கள் ரிசீவர் அதற்கெல்லாம் கோடையில் சூடேறி அணைந்துவிடும்.

குடும்பமாக வரிசையில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு, ட்வீட்டரை ஊஃபரின் நடுவிலேயே வைக்கும் அமைப்பு எனக்குப் பிடிக்கும். இங்கிலாந்தின் கெஃப் கம்பெனி 1988-ல் யூனி-க்யூ என்று கொண்டுவந்தது அதுதான். எல்லா நாற்காலிக்கும் ஏறக்குறைய ஒரே குரல் வரும். சத்தம் பெரிதாக, வாட் குறைவாக என்றால் கொம்பு (ஹார்ன்) வைத்த ட்வீட்டர், அமெரிக்காவின் க்ளிப்ஷ் பாணி. டைல்ஸ் ஹாலில் அது சற்றுக் கூராகக் கேட்கும், திரை போட்ட பிறகு கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். நம் நாட்டு சோனோடைனையும் ஒரு தடவை கேளுங்கள், கொல்கத்தாக்காரர்கள்.

கடையில் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-ல் ஒரே ஆட்களை வைத்து, ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னாலும் திரை இல்லாமலும் கேட்கவிட்டார்கள். திரைக்குப் பின்னால் நல்ல மார்க் வாங்கிய குட்டிப் பிளாஸ்டிக் செட், கண்ணுக்குத் தெரிந்ததும் மார்க் இழந்தது. பெரிய பெட்டிகளுக்கு மார்க் ஏறியது. கேட்டவர்கள் எல்லாம் ஸ்பீக்கர் கம்பெனியிலேயே வேலை பார்த்தவர்கள். டவர் என்றால் கண்ணுக்கு எப்பவும் நல்லாத்தான் இருக்கும், அதற்குத்தான் சொல்கிறேன்.

கடைக்காரர் போடும் டெமோ பாட்டை நம்ப வேண்டாம். அவர் நிறையத் தடவை கேட்டுப் பொறுக்கி வைத்தது அது. அப்பாவின் கச்சேரி ஒன்று, மனைவி பார்க்கும் சீரியலில் சமையலறைக் காட்சி ஒன்று, பையன் கேட்கும் பாட்டு ஒன்று, போனில் எடுத்துக்கொண்டு போங்கள். மூன்றையும் வீட்டில் வைக்கும் அளவு வால்யூமிலேயே கேளுங்கள். நாதஸ்வரம் கேட்டு இரண்டு நிமிடத்தில் காது கூசினால் அந்த ஸ்பீக்கர் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். வீட்டில் ஒரு வாரம் வைத்துத் திருப்பித் தர ஒப்புக்கொள்ளும் கடை கிடைத்தால் ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலானாலும் அங்கேயே வாங்குங்கள்.

கேள்வி: ஒன்றரை வயதுப் பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான். டவர் ஸ்பீக்கரின் அடியில் கூர் ஸ்பைக் போட வேண்டும் என்கிறார்கள். டைல்ஸ் கீறும் என்று பயம். – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

ஸ்பைக் வேண்டாம் அம்மா. மரத்தளம், தரை விரிப்பு உள்ள மேல்நாட்டு வீடுகளுக்கு அது தேவை. நம் தரை கான்கிரீட், ஆடாது. நல்ல தடித்த ரப்பர் கால் போதும், அல்லது ஸ்பைக்குக்குக் கீழே பித்தளைத் தட்டு.

பேரன் விஷயம்தான் பெரிது. டவர் பெரும்பாலும் 20 கிலோ பக்கம் இருக்கும், உயரம் அதிகம், அடிப்பாகம் குறுகல். கைப்பிடித்து ஏறினால் சாயும். பக்கவாட்டில் கால் நீட்டிய அகல அடித்தட்டு உள்ள மாடலாக வாங்குங்கள். இருப்பதற்கு, பெட்டியின் பின்பக்கம் மேலே ஒரு கொக்கி, சுவரில் ஒரு கொக்கி, நடுவில் நைலான் பட்டை. பீரோவைச் சுவரோடு கட்டுகிற அதே வேலை, கார்பெண்டர் அரை மணியில் முடித்துவிடுவார். கிரில்லைக் கழற்றவே கழற்றாதீர்கள். ஸ்பீக்கரின் நடுவில் இருக்கும் பட்டன் மாதிரி மேட்டை, அதாவது டோமை, பிள்ளைகள் அமுக்காமல் விடுவதில்லை. துணி டோம் உள்ளே போனால் செல்லோடேப் வைத்து இழுத்து எடுக்கலாம், உலோக டோம் நசுங்கினால் நசுங்கியதுதான்.

அப்புறம் வீடு துடைக்கிறவரிடம் சொல்லிவையுங்கள். பெட்டி எம்.டி.எஃப்., மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. ஈர மாப்பு தினமும் அடியில் பட்டால் ஊறி, உப்பி, மேல்தாள் உரிந்துவிடும். ரிப்பேருக்கு வரும் பெட்டிகளில் ஊஃபரைவிட அடிப்பலகை போனவற்றைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

கேள்வி: மூன்றாவது மாடி ஃப்ளாட். கீழ்வீட்டார் ஏற்கெனவே இரண்டு தடவை வந்துவிட்டார்கள். டவர் வாங்குவதா, சின்ன ஸ்பீக்கரும் சப்ஊஃபருமா? – ஒரு வாசகர், பெரம்பூர்

சின்ன ஸ்பீக்கரும் சப்ஊஃபரும். பேச்சும் ட்ரெபிளும் சுவரிலேயே நின்றுவிடும், 40–50 ஹெர்ட்ஸ் நிற்காது, தளத்தின் வழியாகவே இறங்கிப் போகும். டவரில் பேஸ் தனியாகப் பிரிக்க முடியாமல் கூடவே வரும். ரிசீவரில் 80 ஹெர்ட்ஸில் பிரித்துக் கீழே உள்ளதைச் சப்ஊஃபருக்கு அனுப்பிவிட்டால், ராத்திரி ஒன்பதுக்கு அதன் வால்யூமை மட்டும் திருகிக் குறைத்துவிடலாம். சப்ஊஃபருக்கு இடம் தேட வழி: அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவில் வையுங்கள், பாட்டைப் போட்டுவிட்டுத் தவழ்ந்து சுவர் ஓரமாகச் சுற்றி வாருங்கள். பேஸ் எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்ஊஃபர் நிற்க வேண்டும். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள், அதிர்வு நேரே தளத்தில் இறங்குவது குறையும், ஆனால் முழுக்க நிற்காது. மூன்றாவது தடவை அவர்கள் வருவதற்குள் நீங்களே போய், எத்தனை மணி வரை தொந்தரவில்லை என்று கேட்டுவிடுவது நல்லது.

ஒன்று மட்டும் டவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். இடம் மிச்சமாகும் என்று சின்ன ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் அதற்கு ஸ்டாண்டு வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஸ்டாண்டு பிடிக்கிற தரை, டவர் பிடிக்கிற தரைதான்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் புது டவர் வாங்கியதால் பழையதையும் சப்ஊஃபரையும் கன்டெய்னரில் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

டவருக்குக் கரண்ட் பிளக் இல்லையே, அது எந்த நாட்டிலும் பாடும். பிளக் உள்ளது சப்ஊஃபர். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேரே சொருகினால் ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம், போர்டு போனால் போச்சு. பின்பக்கம் 115/230 மாற்றும் ஸ்விட்ச் இருக்கிறதா என்று போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும், சப்ஊஃபர் இழுக்கும் வாட்ஸைவிடப் பெரியதாக. துபாய், சிங்கப்பூர், லண்டனிலிருந்து வருவதற்கு இந்தத் தொல்லை இல்லை. கம்பெனி வாரண்டி இங்கே செல்லுபடியாகும் என்று மட்டும் நினைக்காதீர்கள். மைத்துனரிடம் முதல் கேள்விக்குப் பதிலாகச் சொன்ன விரல் சோதனையை அங்கேயே செய்யச் சொல்லிவிடுங்கள், கன்டெய்னர் கூலி கொடுத்து இற்றுப்போன ஃபோமை வரவழைக்க வேண்டாம்.

கேள்வி: ஸ்பீக்கர் வாங்கின கடையில், 'இதற்குத் தகுந்த கேபிள் போடாவிட்டால் பிரயோஜனமே இல்லை' என்று மீட்டர் 1,800 ரூபாய்க்குக் காட்டினார்கள். – ஒரு வாசகர், சேலம்

எலக்ட்ரிகல் கடைக்குப் போய் ரெண்டரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர் இரட்டை வாங்குங்கள். ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போக வர அதன் தடை 0.07 ஓம்ஸ். 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஒண்ணரை ஸ்கொயரே போதும் என்பேன், ரெண்டரை உங்கள் மன நிம்மதிக்கு. செம்புதானா என்று நுனியைச் சுரண்டிப் பாருங்கள், அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசி விற்பதும் உண்டு.

கேள்வி: புது டவர் கூர்மையாகக் கேட்கிறது. நூறு மணி நேரம் ஓடினால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். – ஒரு வாசகி, ஈரோடு

கோனைத் தாங்கும் துணியும் வளையமும் இளகுவது உண்மை, ஆனால் அது முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். மிச்ச மணி நேரமெல்லாம் இளகுவது உங்கள் காது. திருப்பித் தரும் கெடு என்றைக்கு முடிகிறது என்று பில்லைப் பாருங்கள், நூறு மணி நேரத்துக்கு முன்னாலேயே முடியும்.

கேள்வி: பண்டிகைத் தள்ளுபடியில் 3,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. (கணநேர உச்சம் என்று விளம்பரத்தில் போடும் எண்) ஹோம் தியேட்டர். வாங்கலாமா? – ஒரு வாசகர், விருதுநகர்

பெட்டியின் பின்னால் ஸ்டிக்கரில் 'பவர் கன்சம்ப்ஷன்' என்று இருக்கும், படியுங்கள். 60 வாட்ஸ் என்று இருந்தால், 60 வாட்ஸ் வாங்கி 3,000 வாட்ஸ் எப்படிக் கொடுக்கிறது என்று விற்பனையாளரையே கேளுங்கள். ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ்) என்று எழுதாத எண்ணைப் பார்க்கவே வேண்டாம்.

கேள்வி: டவரின் பின் துளைக்குள் பல்லி போய்விட்டது. ராத்திரியில் உள்ளே சுரண்டுகிறது. – ஒரு வாசகர், நாகர்கோவில்

இது ஸ்பீக்கர் நிபுணர்கள் யாரும் எழுதாத சங்கதி, ஆனால் நம் ஊரில் தினசரி சங்கதி. பல்லி தானாக வெளியே வரும், அவசரப்பட்டுப் பூச்சி மருந்து அடிக்காதீர்கள், ஃபோமும் பசையும் கெட்டுப்போகும். இருட்டில் துளையைத் திறந்துவைத்து, வெளியே ஒரு விளக்கு எரியவிடுங்கள். பூச்சியைத் தேடிப் பல்லி வந்துவிடும். வந்ததும், கொசுவலை நைலான் துண்டைத் துளையின் வாயில் இழுத்துக் கட்டி ரப்பர் பேண்டு போடுங்கள், தொய்வாக விட்டால் பேஸில் படபடக்கும். வரவே இல்லை என்றால் கீழ் ஊஃபரின் ஸ்க்ரூக்களைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். ஊஃபரைத் தொங்கவிடாமல் கையில் தாங்கிப் பிடிக்க வேண்டும், வயர் பிய்ந்துவிடும். க்ராஸ்ஓவர் போர்டின் மேல் முட்டை இருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் எடுங்கள், ஈரத்துணி கூடாது. மூடும்போது ஸ்க்ரூவை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்குங்கள், ஒரு பக்கமே முடுக்கினால் காற்று கசியும். ஸ்க்ரூவை அழுத்தித் திருக வேண்டாம், எம்.டி.எஃப். பலகையில் ஒரு தடவை மரை போனால் அப்புறம் பிடிக்காது.